பதினைந்தாயிரம் கொடுத்தால் கிரெடிட் கிடைக்குமா?

கேள்வி: ஐயா, என் மகன் பிளஸ் ஒன், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். அமெரிக்காவில் டாலஸில் இருக்கும் அக்கா மகள் பள்ளியில் படிக்கும்போதே கல்லூரிப் பாடமும் படித்து, பட்டப்படிப்புக் கணக்கில் ஏறும் கிரெடிட் வாங்குகிறாள். இங்கேயும் வாங்கித் தருவதாக ஒரு கோச்சிங் சென்டரில் பதினைந்தாயிரம் கேட்கிறார்கள். கட்டலாமா?
– ஒரு வாசகி, நீடாமங்கலம்

பதில்: கட்டாதீர்கள் அம்மா. அந்தப் பணம் குறுவைக்கு உரம் வாங்கவாவது ஆகும்.

அக்கா மகள் படிப்பது டூயல் கிரெடிட். அங்கே பள்ளியும் கல்லூரியும் ஒப்பந்தம் போட்டு நடத்துகின்றன. ஒரே பாடத்தின் மதிப்பெண் இரண்டு இடத்திலும் ஏறும். நம் பிளஸ் டூவில் அப்படி ஏற்பாடு கிடையாது.

பையனுக்குப் படிக்க ஆசை என்றால் என்பிடெல் என்ற ஆன்லைன் பாடத் திட்டம் இருக்கிறது. ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களின் பேராசிரியர்கள் நடத்தும் பாடங்கள். யார் வேண்டுமானாலும் இலவசமாகச் சேரலாம். வாரா வாரம் அசைன்மென்ட். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் 1000 ரூபாய் கட்டி, மையத்துக்கு நேரில் போய்த் தேர்வு எழுத வேண்டும். அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்தும், பைத்தான் என்ற கணினி மொழிக்கான எட்டு வாரப் பாடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸிலும் பைத்தான்தான் வருகிறது, வீண் போகாது.

ஆனால் அந்தச் சான்றிதழை வைத்து நாளைக்குக் கல்லூரியில் ஒரு பேப்பரைக் கழித்துக்கொள்ளலாம் என்று நம்பாதீர்கள். ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம் வரை, என்பிடெல் பாடங்களும் இடம்பெறும் ஸ்வயம் என்ற அரசு இணையதளம் வழியாகப் படிக்க, பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. இடம் கொடுத்திருக்கிறது, அது ஏற்கெனவே கல்லூரியில் சேர்ந்தவர்களுக்கு, அதுவும் அவர்கள் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்ட பாடங்களுக்கு. பொறியியல் கவுன்சிலிங்கிலும் அந்தச் சான்றிதழ் செல்லாது. அங்கே கணக்குக்கு 100, இயற்பியல், வேதியியலுக்கு 50, 50, ஆக 200க்குக் கட்-ஆஃப். அவ்வளவுதான். எங்கள் கும்பகோணத்து ராமானுஜனே கணக்கிலேயே மூழ்கி, மற்ற பாடங்களைக் கோட்டைவிட்டுக் கல்லூரி உதவித்தொகையை இழந்தவர். உங்கள் மகனுக்கு வேதியியல் எப்படிப் போகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்பதற்கு ஓரளவு கிட்டத்தில் வருவது சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் ஆன்லைன் பட்டப்படிப்பு. பிளஸ் ஒன் இறுதித் தேர்வு எழுதியவர்களே அதன் தகுதித் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். நான்கு வாரப் பாடம், அப்புறம் தேர்வு. தேறினால் பிளஸ் டூ முடித்ததும் சேரலாம். ஜே.இ.இ. தேவையில்லை. ஒரே நேரத்தில் இரண்டு பட்டப்படிப்புக்கு யு.ஜி.சி. 2022இல் அனுமதித்துவிட்டதால், ஊரில் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் தொடரலாம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகையும் உண்டு.

என்பிடெல்லில் சேர்வதானால் ஜூலை பருவத்தில் சேரட்டும். ஜனவரி பருவம் மார்ச் பரீட்சையோடு மோதும்.

அந்த சென்டர்காரர்கள் மறுபடி போன் செய்தால், எந்தப் பல்கலைக்கழகம் இந்த கிரெடிட்டை ஏற்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.