வாட்ச் காட்டும் துடிப்பும் மாத்திரை போட்ட இதயமும்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் கணவருக்கு வயது 56. நான்கு மாதங்களுக்கு முன் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். நடக்கும்போது துடிப்பு 115-க்கும் 139-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்கிறது வாட்சில் உள்ள செயலி. இவருக்கு 98-ஐத் தாண்டவே இல்லை. அதனால் நாளுக்கு நாள் வேகத்தைக் கூட்டுகிறார். சரிதானா?
– வாசகி, திருச்சி

பதில்: நடை தொடரட்டும், வேகம் கூட்டுவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். செயலி போட்ட கணக்கு இதுதான்: 220-இல் வயதைக் கழித்தால் 164. அதில் 70 முதல் 85 சதவீதம், 115–139. துடிப்பைக் குறைக்கும் மாத்திரை போடாதவர்களுக்கான கணக்கு இது. மாரடைப்புக்குப் பிறகு மெட்டோபிரலால், பைசோபிரலால், கார்வெடிலால் ஆகியவற்றில் ஒன்றைப் பலருக்கும் எழுதிக் கொடுப்பார்கள். துடிப்புக்குக் கடிவாளம் போடுவதுதான் அவற்றின் வேலை. மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அவற்றில் ஒன்று இருந்தால், செயலி கேட்கும் 115-ஐத் துரத்த உங்கள் கணவர் தன் மருந்தோடே மல்லுக்கட்டுகிறார் என்று பொருள்.

எண்ணை விட்டுவிட்டுப் பேச்சை வைத்து அளக்கலாம். நடந்துகொண்டே உங்களிடம் ஒரு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் முடிக்க முடிய வேண்டும், ஆனால் பாட வரக்கூடாது. அதுதான் சரியான வேகம். இதயப் புனர்வாழ்வுப் பயிற்சி மையங்களில், எவ்வளவு சிரமமாக உணர்கிறோம் என்பதை அளக்க, 6 முதல் 20 வரை உள்ள போர்க் அளவுகோலைக் காட்டுவார்கள். 6 என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது, 20 என்றால் இனி ஓர் அடிகூட முடியாது. உங்கள் கணவர் நடக்கும்போது 11–13-இல் இருந்தால் போதும். எண்தான் வேண்டுமென்றால், வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டே டிரெட்மில் பரிசோதனை செய்து, அதை வைத்து மருத்துவர் சொல்லும் வரம்பைச் செயலியில் கையால் பதிவிடுங்கள். முதல் 5 நிமிடமும் கடைசி 5 நிமிடமும் மெதுநடை கட்டாயம். வேகமாக நடந்துவிட்டுச் சட்டென நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி, அழுத்தம் இறங்கி, தலை சுற்றும்.

வாட்ச்சை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நகராதபடி கட்டச் சொல்லுங்கள். தொளதொளவென்று கிடந்தால் கை வீசும் தாளத்தையே துடிப்பாக எண்ணிவிடும்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, பைபாஸ் ஆனவர். வீட்டில் பிரஷர் பார்த்துச் செயலியில் பதிவிடுகிறோம். காலையில் 152, இரவு 128, மறுநாள் 146. மெஷின் கோளாறா?
– வாசகர், ஈரோடு

பதில்: மெஷினைக் குறை சொல்லும் முன் கையில் சுற்றும் பட்டையைப் பாருங்கள். அதன் ஓரத்தில் 22–32 செ.மீ. என்பதுபோல் அச்சிட்டிருக்கும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் தையல் டேப்பால் அப்பாவின் கையைச் சுற்றி அளங்கள். 34 வந்தால் அந்தப் பட்டை அவருக்குச் சின்னது. உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும்.

பிறகு உட்காரும் விதம். முதுகு சாயும் நாற்காலி, பாதங்கள் தரையில் படிந்து, கால்மேல் கால் போடாமல். கை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். தொங்கவிட்டால் அளவு ஏறும். பட்டையைச் சட்டைமேல் சுற்றாமல் வெறும் தோலில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே சுற்றுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகே பட்டனை அழுத்த வேண்டும். “எவ்வளவுப்பா காட்டுது?” என்று நடுவில் கேட்டாலே அளவு கூடிவிடும். காபி, பீடி, சிகரெட் என்றால் அரை மணி நேரம் தள்ளிப் பாருங்கள்.

காலையில் மாத்திரைக்கு முன் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, இரவு படுக்குமுன் இரண்டு முறை, இப்படி 7 நாள். முதல் நாளைத் தள்ளிவிட்டு மீதி 24 அளவுகளின் சராசரியை எடுங்கள். வீட்டில் பார்க்கும்போது அது 135/85-ஐத் தொட்டாலே அதிகம்தான். தனித்தனி ஏற்ற இறக்கத்துக்குப் பயப்பட வேண்டாம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறோம்: நல்ல எண்ணை மட்டும் பொறுக்கிப் பதிவிடாதீர்கள். 152 வந்ததும் “கொஞ்சம் பொறு, இன்னொரு தடவை பார்க்கலாம்” என்று 134 வரும்வரை காத்திருந்து அதை மட்டும் ஏற்றும் வீடுகள் பல. செயலியின் அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும் மருத்துவர் மருந்து போதும் என்றே முடிவு செய்வார்.

கேள்வி: நெஞ்சு இறுக்கமாக இருந்தபோது வாட்சில் ஈசிஜி எடுத்தேன், நார்மல் என்று வந்தது. நம்பலாமா?
– வாசகர், மதுரை

பதில்: கூடாது. மருத்துவமனை ஈசிஜி 12 கோணங்களில் பார்க்கிறது. வாட்ச் பார்ப்பது ஒரே கோணம். துடிப்பு தாளம் தப்புவதை அது பிடிக்கலாம், மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வியர்வை வந்தால் வாட்ச்சைத் தொடாமல் 108-ஐ அழையுங்கள். வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.

கேள்வி: அம்மாவுக்கு இதயச் செயலிழப்பு. செயலி தினமும் எடை கேட்கிறது. எதற்கு?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுவிட்டது என்று பொருளல்ல, ரத்தத்தைப் போதுமான அளவு தள்ள முடியவில்லை என்று பொருள். காலில் வீக்கம் கண்ணுக்குத் தெரியும் முன்பே உடலில் நீர் தேங்குவதை எடை காட்டிக்கொடுக்கும். காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன், ஒரே எடைக்கருவியில், பாய் விரிக்காத தரையில் வைத்துப் பாருங்கள். 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அன்றே மருத்துவரை அழையுங்கள், மாதாந்திரச் செக்கப் வரை காத்திருக்க வேண்டாம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் நான்கையும் தள்ளி வையுங்கள். “சோடியம் குறைந்த உப்பு” என்று விற்பதை மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கும். எனலாபிரில், டெல்மிசார்டன், ஸ்பைரனோலாக்டோன் போடுபவர்களுக்கு அது ரத்தத்தில் ஏறி, துடிப்பையே குலைக்கலாம்.

கேள்வி: இதய நோயாளிகளைச் செயலி வழியாக வீட்டிலிருந்தே கண்காணிக்கும் திட்டங்களுக்குப் பணம் கட்டுவது பயன் தருமா?
– வாசகர், சேலம்

பதில்: பயன் தர விலை உயர்ந்த செயலி தேவையில்லை. சிட்னியில் இதயத் தமனி நோயாளிகள் 710 பேரை வைத்து நடந்த ‘டெக்ஸ்ட் மி’ ஆய்வு 2015-இல் வெளியானது. பாதிப் பேருக்கு வாரம் 4 குறுஞ்செய்திகள், ஆறு மாதம், அவ்வளவுதான். முடிவில் ரத்த அழுத்தத்தின் மேல் எண் அவர்களுக்குச் சராசரியாக 128, மற்றவர்களுக்கு 136. புகைப்பவர்கள் 26 சதவீதம், மற்றவர்களில் 43. ஆனால் பின்னர் ஆஸ்திரேலியாவில் 1,424 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில், மாத்திரையை ஒழுங்காகப் போடும் பழக்கத்தில் செய்திகளால் வித்தியாசம் வரவில்லை. ஆகவே செய்தியை மட்டும் நம்பி மாத்திரைப் பெட்டியை மறந்துவிடாதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர் ஆஸ்பிரினையும் கூடவே வரும் இன்னொரு மாத்திரையையும் தானாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்துவிடலாம்.

பணம் கட்டும் முன் இரண்டைக் கேளுங்கள். மருந்தை மாற்றுபவர் பதிவு எண் உள்ள மருத்துவரா? 2020-இல் வந்த இந்தியத் தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, மருந்துச் சீட்டில் அந்த எண் இருக்க வேண்டும், செயற்கை நுண்ணறிவு தானாக மருந்து எழுதக்கூடாது. இரண்டாவது, ஞாயிறு இரவு 9 மணிக்கு பிரஷர் 178 என்று பதிவிட்டால் அதை யார், எத்தனை மணி நேரத்தில் பார்ப்பார்கள்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.