உப்புத் தண்ணி வீட்டுக்கு எந்த மைக்ரோஃபைபர் மாப், அதை எப்படித் துவைப்பது?

கேட்டது இதுதான்: திருவொற்றியூரில் வீடு, விட்ரிஃபைட் டைல்ஸ், போர் தண்ணி. வாங்கின ஸ்பின் மாப் இரண்டே மாதத்தில் நாறுகிறது. துடைத்துக் காய்ந்த தரையில் வெள்ளைக் கோடு தெரிகிறது. வேறு மாப் வாங்கலாமா, இருப்பதையே சரிசெய்யலாமா?

முதலில் பக்கெட்டைப் பாருங்கள். உப்புச் சத்துள்ள போர் தண்ணி, அதில் வெள்ளிக்கிழமை ஒரு பிடி கல்லுப்பு, மேலே இரண்டு மூடி ஃபினாயில். இந்தக் கலவையில் எந்த மாப்பை முக்கினாலும் கோடு விழும். தண்ணீர் ஆவியாகும், உப்பு தரையிலேயே நிற்கும். கல்லுப்பு போடுவது உங்கள் நம்பிக்கை என்றால் போடுங்கள். ஆனால் அதன்மேல் ஒருமுறை வெறும் மெட்ரோ தண்ணியில் (சென்னைக் குடிநீர் வாரியம் தரும் தண்ணி) துடைத்துவிடுங்கள். மூன்று, நான்கு லிட்டர் போதும். தினமும் மெட்ரோ தண்ணி கட்டுப்படியாகாது என்றால் கடைசித் துடைப்புக்கு மட்டுமாவது எடுத்துவையுங்கள்.

மைக்ரோஃபைபர் என்பது தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய பாலியெஸ்டர், பாலிஅமைடு இழை. நல்ல துணியில் ஒவ்வொரு இழையும் நீளவாக்கில் பிளந்திருக்கும். அந்தப் பிளவுகளும் இடுக்குகளும்தான் தண்ணியை உறிஞ்சுகின்றன, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அவை அடைபட்டால் மாப் வெறும் பிளாஸ்டிக் நூல்தான். அடைப்பது மூன்று சாமான்: துணிக்குப் போடும் கண்டிஷனர், அளவுக்கு மீறிய ஃபினாயில், உப்புத் தண்ணியில் சோப்பு திரிந்து வரும் பிசுக்கு. வெள்ளை ஃபினாயிலில் பைன் எண்ணெய் இருக்கிறது, அதனால்தான் கலக்கியதும் பால் மாதிரி வெளுக்கிறது. பாட்டிலில் போட்டிருக்கும் அளவைத் தாண்டினால் சுத்தம் கூடாது, நூலில் எண்ணெய்தான் ஏறும்.

வாங்கும்போது அட்டையில் 80 சதவீதம் பாலியெஸ்டர், 20 சதவீதம் பாலிஅமைடு என்றோ 70, 30 என்றோ இருக்கிறதா பாருங்கள். பிளாட்பாரக் கடை ரீஃபில்லில் (தனியாக விற்கும் மாற்றுத் தலை) அட்டையே இருக்காது. அங்கே உள்ளங்கையை நூல்மேல் இழுத்துப் பாருங்கள், நல்ல மைக்ரோஃபைபர் தோலின் சொரசொரப்பில் மாட்டும். வழுக்கிக்கொண்டு போனால் வெறும் பாலியெஸ்டர். கையில் தண்ணி பாட்டில் இருந்தால் ஒரு சொட்டு விடுங்கள். சட்டென்று உள்ளே போக வேண்டும். முத்து மாதிரி மேலேயே உருண்டால் வைத்துவிடுங்கள். புதுத் துணியே சில சமயம் மேற்பூச்சால் கொஞ்சம் தயங்கும், அதனால் இரண்டு சோதனையையும் சேர்த்தே பாருங்கள்.

ஸ்பின்னா, தட்டை மாப்பா என்பது வீட்டைப் பொறுத்தது. ஹால் பெரிசு, சாமான் கம்மி என்றால் வெல்க்ரோ ஒட்டும் தட்டை மாப் வேலையைச் சீக்கிரம் முடிக்கும், துவைக்கவும் சுலபம். கட்டில் கால், கேஸ் சிலிண்டர், குறுகின பாத்ரூம் வாசல் என்று வளைய வேண்டிய வீட்டுக்கு ஸ்பின். பெடல் வைத்த பக்கெட்டில் முதலில் போவது உள்ளேயிருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம். குச்சியை மேலிருந்து அழுத்திச் சுற்றும் வகையில் அந்தத் தொல்லை இல்லை. கடற்காற்று அடிக்கிற ஏரியாவில் பெயின்ட் அடித்த இரும்புக் குச்சி வாங்காதீர்கள். கீறல் விழுந்த இடத்திலிருந்து துரு ஆரம்பிக்கும், குச்சியில் இருக்கும் லாக் இறுகிவிடும். ரீஃபில் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்காமல் எந்த மாப்பும் வாங்க வேண்டாம். வட்டத் தலையில் 16 செ.மீ. தட்டு பரவலாகக் கிடைக்கும்.

"சுத்தவே மாட்டேங்குது" என்பதற்குப் பாதி நேரம் காரணம் லாக். பிழியும்போது லாக் திறந்திருக்க வேண்டும், துடைக்கும்போது மூடியிருக்க வேண்டும். மீதி நேரம் தட்டின் நடுவில் முடி சுற்றியிருக்கும். தலையைக் கூடையின் நடுவில் உட்கார வைக்காமல் அழுத்தினால் பக்கெட் ஆடும், குச்சிக்குள் இருக்கும் முறுக்குக் கம்பி கெடும்.

எண்ணூர், மணலி, காசிமேடு பக்கமெல்லாம் ஜன்னலோரம் நைசாகக் கருந்தூசி படியும். தொடப்பத்தால் பெருக்கினால் பாதி மேலே கிளம்பி மறுபடி இறங்கும். அதன்மேல் ஈர மாப் போட்டால் சாம்பல் சேறுதான், டைல்ஸ் இடுக்கெல்லாம் கறுக்கும். காய்ந்த மைக்ரோஃபைபர் துணியை மாட்டி முதலில் ஒரு சுற்று தள்ளுங்கள். உராய்வில் வரும் நிலைமின்னூட்டமே தூசியை இழுத்துக்கொள்ளும். வாசலில் கோலமாவு இருந்தால் அதையும் இப்போதே எடுத்துவிடுங்கள். பிறகு ஈர மாப், அதுவும் பிழிந்தபின் சொட்டாத அளவு ஈரம். அறையின் உள் கோடியில் தொடங்கி, எட்டு போடுகிற மாதிரி இழுத்துக்கொண்டே கதவுப் பக்கம் பின்னால் வாருங்கள். ஒவ்வொரு அறைக்கும் ஒருமுறை அலசுங்கள். பக்கெட் தண்ணியில் அடி தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள்.

நாற்றத்துக்குக் காரணம் ஈரத்தோடு பக்கெட்டிலேயே நிறுத்தி வைப்பது. துடைத்து முடித்ததும் தலையைக் கழற்றுங்கள். நூலைக் காலால் மிதித்துக்கொண்டு குச்சியைச் சாய்த்து இழுத்தால் வந்துவிடும். முடியைப் பழைய சீப்பால் வாரி எடுங்கள். ஒரு பங்கு கொதித்த தண்ணிக்கு இரண்டு பங்கு குழாய்த் தண்ணி சேர்த்தால் கை பொறுக்காத சூடு வரும், அது போதும். நேரடியாகக் கொதிக்கும் தண்ணி ஊற்றினால் இழை சுருங்கும், ரீஃபில்லின் பிளாஸ்டிக் வளையமும் வளையும். ஒரு டீஸ்பூன் லிக்விட் டிடர்ஜென்ட் விட்டு அரை மணி ஊறவைத்து, குச்சியால் கலக்கி, நுரை போகும்வரை அலசுங்கள். சோப்புத்தூள் வேண்டாம், உப்புத் தண்ணியில் சரியாகக் கரையாமல் நூலில் நிற்கும். மெஷினில் போடுவதானால் தனியாக, வலைப்பையில் போடுங்கள். காட்டன் துண்டோடு போட்டால் பஞ்செல்லாம் இதில்தான் ஒட்டும். ப்ளீச்சிங் பவுடர் பாலிஅமைடை அரிக்கும், பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். நூல் கீழே தொங்குகிற மாதிரி காற்றில் மாட்டுங்கள். மழைக்காலத்தில் மொட்டை மாடி வாய்க்காது, ஃபேன் காற்று போதும்.

ஏற்கனவே விறைத்துப்போன தலையைத் தூக்கிப் போடுமுன் ஒரு லிட்டர் சூடான தண்ணியில் 100 மில்லி வெள்ளை வினிகர் கலந்து அரை மணி ஊறவைத்து அலசுங்கள், உப்புப் பிசுக்கு பெரும்பாலும் விடும். ப்ளீச்சிங் பவுடர் இருந்த பக்கெட்டில் வினிகர் ஊற்றக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும். அந்த வினிகர் தண்ணியைத் தரையிலும் கொட்டாதீர்கள். உங்களுக்கு டைல்ஸ், பிரச்சினையில்லை. ஆனால் ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை வீடுகளில் இருக்கும் மொசைக்கில் பளிங்குச் சில்லும் சிமென்டும் இருக்கிறது, இரண்டையும் அமிலம் தின்றுவிடும்.

ரீஃபில் மூன்று வைத்துக்கொள்ளுங்கள், மூன்று நிறத்தில். சமையலறைக்கு ஒன்று, அறைகளுக்கு ஒன்று, பாத்ரூமுக்கு ஒன்று. வினிகரில் ஊறியும் சொட்டுத் தண்ணி உள்ளே போகாமல் உருண்டால் அந்தத் தலை முடிந்தது. அதை வெட்டி ஜன்னல் கம்பி துடைக்க வைத்துக்கொள்ளலாம்.