சாவி யார் வீட்டில் தொங்குகிறது?

கேள்வி: காங்கேயம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. கூட்டுறவு சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஊரில் சும்மா கிடந்த பழைய பால் சொசைட்டிக் கட்டடத்தை, நாலைந்து பேர் சேர்ந்து பணம் போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் படிப்பகமாக மாற்றினோம். என் தகப்பனார் பெயரை வைத்தோம். பெஞ்சு, ஃபேன், ஒயிட் போர்டு, இரண்டு கம்ப்யூட்டர், பொது அறிவுப் புத்தகங்கள் எல்லாம் இருக்கின்றன. சாயங்காலம் கணக்குச் சொல்லித்தர டவுனிலிருந்து வரும் கல்லூரிப் பையனுக்கு மாதம் மூவாயிரம் கொடுக்கிறோம். அவனும் வாரத்தில் இரண்டு நாள் மட்டம். வளவுப் பிள்ளைகளும், அதாவது காலனிப் பிள்ளைகளும், வரலாம் என்று சொல்லியாயிற்று. எப்போது வேண்டுமானாலும் திறந்துகொள்ளலாம். சாவி எங்கள் வீட்டு ஆசாரத்தில்தான் தொங்கும். முன்கூடத்து ஆணிதானே, நான் தோட்டத்துக்குப் போயிருந்தாலும் எம்.எஸ்ஸி., பி.எட். படித்த மருமகள் எடுத்துக் கொடுத்துவிடுவாள். ஆனால் ஆறு மாதமாக என் பேரனும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் மட்டுமே வருகிறார்கள். மற்றவர்களுக்கு செல்போனும் ஊர் சுற்றலும்தான். பத்தாவதில் ஃபெயிலான இரண்டு பையன்கள் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அக்கறை வர என்ன செய்வது?
(பெயர் வேண்டாம், திருப்பூர் மாவட்டம்)

பதில்: ஐயா, இதே கடிதம் எனக்குக் கோபியிலிருந்து வந்திருக்கிறது, அன்னூரிலிருந்து வந்திருக்கிறது, பரமத்திப் பக்கமிருந்தும் வந்திருக்கிறது. கட்டடம் தயார், ஃபேன் தயார், பிள்ளைகளுக்குத்தான் அக்கறை இல்லை என்று எல்லாரும் ஒரே மாதிரி எழுதுகிறீர்கள். செல்போனைப் பற்றியும் இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பற்றியும் பேச எனக்கு விருப்பமில்லை. நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியைப் பற்றித்தான் பேசப் போகிறேன்: "சாவி எங்கள் வீட்டு ஆசாரத்தில்தான் தொங்கும்."

வளவிலிருந்து ஒரு பிளஸ் ஒன் பிள்ளை வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஐந்தரை மணி. பஸ்ஸை விட்டு இறங்கி, பையோடு நேராக உங்கள் கேட்டுக்கு வருகிறாள். நாய் குரைக்கிறது. கேட்டைத் திறக்கலாமா கூடாதா என்று தெரியாமல் வெளியே நின்று, "ஏனுங்..." என்று கூப்பிடுகிறாள். உள்ளே டிவி ஓடுகிறது, யாருக்கும் கேட்கவில்லை. இன்னொரு முறை கூப்பிடுகிறாள். கடைசியில் யாரோ எட்டிப் பார்த்து, "ஆரு புள்ள நீ? என்ன வேணும்?" என்று கேட்கிறார்கள். அவள் யார் மகள் என்று சொல்ல வேண்டும், எதற்கு வந்தாள் என்று சொல்ல வேண்டும். சாவி வெளியே வரும் வரை வாசலில் நிற்க வேண்டும். படித்து முடித்துப் போகும்போது, இருட்டில், திருப்பிக் கொடுக்க மறுபடியும் அதே வாசல்.

உங்கள் பேரன் ஆசாரத்துக்குள் ஓடிப்போய் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு வெளியே ஓடுவான். அவனுக்கு அது தாத்தா வீடு. அந்தப் பிள்ளையின் அம்மா உங்கள் ஊர்க் களத்தில் தேங்காய்ப் பருப்பு எடுக்கப் போகிறவளாக இருக்கலாம். அவள் பாட்டன் உங்கள் வீட்டுத் திண்ணை ஓரம்கூட உட்கார்ந்திருக்க மாட்டார். "எங்கள் வீட்டில் அதெல்லாம் பார்ப்பதில்லை" என்று அடுத்த கடிதத்தில் எழுதுவீர்கள். சரி, நம்புகிறேன். ஆனால் அது உண்மையா என்று உங்கள் வாசலில் நின்று பரீட்சை வைத்துப் பார்க்கும் வேலை பதினாறு வயதுப் பிள்ளைக்கு எதற்கு?

வளவு மட்டும்தான் காரணம் என்றும் நினைத்துவிடாதீர்கள். உங்கள் சொந்தத் தெருவிலேயே உங்களிடம் கைமாற்று வாங்கிவிட்டுத் திருப்பித் தராத தகப்பன்கள் இருப்பார்கள். நீங்கள் செயலாளராக இருந்த காலத்தில் கடன் கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்பியவர்களும் இருப்பார்கள். அவர்கள் வீட்டுப் பையன்கள் சாவி கேட்டு உங்கள் வீட்டுப் படியேற மாட்டார்கள். கிராமத்தில் யார் வீட்டு வாசலை யார் மிதிப்பது என்பதற்குப் பெரிய கணக்கே உண்டு. ஊர்க் கணக்கெல்லாம் எழுதிய உங்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது என்று சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

நம் கொங்கு நாட்டிலேயே இதை வேறு மாதிரி செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். 1930-ல் காந்தியவாதி அவிநாசிலிங்கம் கோவையில் ராமகிருஷ்ண வித்யாலயத்தைத் தொடங்கியபோது விரல் விட்டு எண்ணக்கூடிய பையன்கள்தான் இருந்தார்கள்; அதில் ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பையனும் உண்டு. "வந்தால் சேர்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது நடந்திருக்காது. தேடிப் போய் அழைத்து வர வேண்டும். நீங்கள் "சொல்லியாயிற்று" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் போய்ச் சொன்னது? நீங்களா, மைக் வைத்த ஆட்டோவா?

அப்புறம் அந்தப் பத்தாவது ஃபெயில் பையன்கள். ஆட்டைச் சந்தைக்கு ஓட்டிவிட்ட மாதிரி ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு உங்கள் மேல் நிஜமாகவே கோபம் வந்த இடம் இதுதான். ரிசல்ட் வந்த கையோடு துணைத்தேர்வு உண்டு. தேறாத பாடத்தை மட்டும் எழுதி அந்த வருஷமே மேலே போய்விடலாம். இதை அவர்களிடம் யார் சொன்னார்கள்? மே மாதம் லீவுக்கு என்று கம்பெனி வண்டியில் ஏறுகிறான். சனிக்கிழமையானால் கையில் சம்பளம். செக்கிங்கில் சேர்ந்தவன் ஆறு மாதத்தில் ஓவர்லாக் தையல் மிஷின் பழகிக்கொள்கிறான். அதன் பிறகு அவனைப் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உட்காரவைக்க யாராலும் முடியாது. அந்த மே, ஜூன் மாதத்தில் உங்கள் படிப்பகம் திறந்துதான் இருந்தது. சாவி ஆசாரத்தில் தொங்கியது. அந்த இரண்டு வீட்டுக்கும் ஒரு நடை போய்வர உங்களுக்குத் தோன்றவில்லை. ஊரில் பெரிய மனிதர் என்று பெயர் எடுத்தவருக்கு ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பேரன் பேத்திதான். சொந்தப் பேரன் ஃபெயிலாகியிருந்தால் துணைத்தேர்வுத் தேதி உங்களுக்கு மனப்பாடம் ஆகியிருக்கும்.

இப்போதும் கெட்டுப் போய்விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு. அன்றைக்கு அவர்கள் வீட்டுக்குப் போங்கள். அடுத்த துணைத்தேர்வுக்குத் தனித்தேர்வராக எழுதலாம். படிப்பே வேண்டாம் என்கிறவனுக்கு ஐடிஐ இருக்கிறது. தாராபுரத்திலும் உடுமலையிலும் திருப்பூரிலும் அரசு ஐடிஐ உண்டு. வெல்டர், வயர்மேன் மாதிரிப் பிரிவுகளுக்கு எட்டாவது பாஸ் இருந்தாலே போதும். மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ் எல்லாம் கொடுக்கிறார்கள். கம்பெனிச் சம்பளத்துக்கு முன்னால் அது ஒன்றும் இல்லைதான். அதனால் பையனிடம் மட்டும் பேசிப் பயனில்லை, அந்த வாரச் சம்பளத்தை நம்பி வட்டி கட்டுகிற அம்மாவிடமும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடித்துவிட்டுப் பேசுங்கள்.

உங்கள் அந்தச் சாவி வரிக்கு அடுத்த வரிக்கு வருகிறேன். எம்.எஸ்ஸி., பி.எட். படித்த மருமகள் சாவி எடுத்துக் கொடுக்கிறாள்! அவள் படித்தது கணக்கா வேதியியலா என்றுகூட நீங்கள் எழுதவில்லை. எதுவானால் என்ன, பத்தாம் வகுப்புக் கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவளை வீட்டில் வைத்துக்கொண்டு, மட்டம் போடுகிற கல்லூரிப் பையனுக்கு மாதம் மூவாயிரம் கொடுக்கிறீர்கள். வேலைக்கு அனுப்பவில்லை, பி.எட். சான்றிதழ் பீரோவில் கிடக்கிறது என்பதை உங்கள் கடிதத்திலிருந்தே ஊகிக்க முடிகிறது. நான் குடும்பத்தை மதிக்கிறவள். மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொள்வது மருமகளின் கடமை என்று இந்தப் பக்கத்திலேயே எழுதி, வாங்கிக் கட்டிக்கொண்டவள். அப்படிப்பட்ட நானே சொல்கிறேன்: பெற்றவர்கள் கடன் வாங்கிப் படிக்க வைத்த பெண்ணைச் சாவிக்குக் காவல் வைப்பது குடும்பப் பாங்கு ஆகாது. கடமை இரண்டு பக்கமும் உண்டு.

அவளிடம் கேளுங்கள். விருப்பம் இருந்தால் படிப்பகத்தை அவள் பொறுப்பில் விடுங்கள். அவள் கையில் போனால் அந்த இடம் எப்படி மாறும் என்று பாருங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்.எம்.எம்.எஸ். என்று ஒரு தேர்வு உண்டு. அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளியில் படிக்கிற, வீட்டு வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்கிற பிள்ளைகள் எழுதலாம். தேறினால் ஒன்பதாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை மாதம் ஆயிரம் ரூபாய். தமிழ்நாட்டுக்கு வருஷம் 6,695 இடம். மனத்திறனில் தொண்ணூறு கேள்வி, பாடத்தில் தொண்ணூறு கேள்வி. பாடத்தைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்துவிடுவார்கள். மனத்திறனுக்கு யாராவது பக்கத்தில் உட்கார்ந்து தினம் பத்துக் கணக்குப் போடவைக்க வேண்டும். உங்கள் பொது அறிவுப் புத்தகம் அதற்கு உதவாது, உங்கள் மருமகள் உதவுவாள்.

பெரிய பிள்ளைகளுக்கு வேண்டியது பாதி நேரம் பாடமே கிடையாது, காகிதம். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மேல்படிப்புக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. பெண்களுக்குப் புதுமைப் பெண் 2022-லிருந்து இருக்கிறது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வனை 2024 ஆகஸ்டில் நம் கோவையில்தான் தொடங்கினார்கள். பொறியியலுக்குப் போனால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு, கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. எல்லாம் செய்தித்தாளில் வந்ததுதான், நீங்களும் படித்திருப்பீர்கள். பிள்ளை எங்கே மாட்டிக்கொள்கிறது தெரியுமா? ஓடிபி அப்பாவின் போனுக்கு வருகிறது. அப்பா களத்தில் இருக்கிறார். பேங்க் கணக்கோடு ஆதார் இணைக்கவில்லை. வருமானச் சான்றிதழில் அப்பா பெயரின் இனிஷியல் ஒன்று, மாற்றுச் சான்றிதழில் வேறு ஒன்று. முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. இ-சேவை மையத்தில் இரண்டு முறை திருப்பி அனுப்பினால், மூன்றாவது முறை அந்த வீட்டில் கம்பெனி வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டுவிடுவார்கள். உங்கள் இரண்டு கம்ப்யூட்டரும் இதற்கு உதவும். சங்கத்தில் முப்பது வருஷம் விண்ணப்பம் பார்த்த உங்கள் கண்ணும் உதவும். இனிஷியல் பிழை பிடிப்பதில் உங்களை மிஞ்ச ஆள் உண்டா? கணக்கை மருமகள் பார்க்கட்டும், காகிதத்தை நீங்கள் பாருங்கள்.

தகப்பன் இல்லாத வீடு ஒன்றிரண்டு உங்கள் ஊரிலும் இருக்கும். அந்தப் பிள்ளைகளுக்குக் கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு மூலமாக மாதம் நாலாயிரம் நிதி ஆதரவு கிடைக்க வழி உண்டு. வருமான வரம்பு இருக்கிறது. அந்த அம்மா தனியாகத் திருப்பூருக்குப் போய் அலைவதை விட, செயலாளராக இருந்தவர் கூடப் போனால் வேலை சீக்கிரம் நடக்கும். கூடப் போனதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்.

இன்னும் ஒன்று. ஃபேன் எழுதினீர்கள், ஒயிட் போர்டு எழுதினீர்கள். கழிப்பறை பற்றி ஒரு வார்த்தை இல்லை. பால் சொசைட்டிக் கட்டடத்தில் இருந்திருக்காது. வயசுக்கு வந்த பிள்ளைகள் இரண்டு மணி நேரம் எப்படி இருப்பார்கள்? தகப்பனார் பெயர்ப் பலகைக்கு கிரானைட் போட்டிருந்தால், அடுத்த செலவு இதற்குத்தான். படிப்பகத்திலிருந்து வளவு வரை தெருவிளக்கு எரிகிறதா என்று ஒரு ராத்திரி நடந்து பாருங்கள். உள்ளே சுவரில் 1098, 14417, 14416 மூன்றையும் பெரிதாக எழுதிப் போடுங்கள். முதலாவது குழந்தைகளுக்கான உதவி எண், இரண்டாவது பள்ளிக் கல்வித்துறையுடையது, மூன்றாவது மனக்கஷ்டத்துக்குப் பேசுவது. உங்களிடமோ மருமகளிடமோ சொல்ல முடியாத விஷயம் பிள்ளைகளுக்கு இருக்கும். அதற்கு நீங்கள் மனசு நோகக் கூடாது.

சாவியை நாலாகப் போடுங்கள். ஒன்று மருமகளிடம். ஒன்று வளவில், படிக்கிற பிள்ளை யாராவது ஒருத்தியிடம். அவள் அப்பனிடம் கொடுக்காதீர்கள், அவள் கையிலேயே கொடுங்கள். ஒன்று ஊர் நடுவில் மளிகைக் கடையில். இன்னொன்று சத்துணவுக்கூடத்து அம்மாவிடம். உங்களுக்கு வேண்டாம். கம்ப்யூட்டர் காணாமல் போய்விட்டால் என்று கேட்பீர்கள். போனால் போகட்டும், பழையது ஒன்று வாங்கிக்கொள்ளலாம். ஆறு மாதமாக அது நாலு பையன்கள் கேம் விளையாடத்தானே ஓடிக்கொண்டிருக்கிறது?

கல்லூரிப் பையனுக்குக் கொடுத்த மூவாயிரத்தை மருமகள் பேங்க் கணக்கில் போடுங்கள், மகன் கையில் கொடுக்க வேண்டாம். வீட்டுப் பெண்ணுக்குச் சம்பளமா என்று உங்கள் வீட்டம்மா கேட்பார். ஆமாம், சம்பளம்தான். ஆறிலிருந்து எட்டு வரை வீட்டுச் சோலியை யார் பார்ப்பது என்றும் கேட்பார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, இட்லிக்கு மாவாட்டுவது, பேரனைச் சாப்பிட வைப்பது, மூன்றையும் நீங்கள் செய்யலாம். ஓய்வு பெற்றவர்தானே?