களிம்பா, ஊசியா?

கேள்வி: 2021-ல் அமெரிக்காவின் கென்டகி டெர்பி குதிரைப் பந்தயத்தில் முதலில் வந்த மெடினா ஸ்பிரிட் குதிரையின் ரத்தத்தில் வெறும் 21 பிகோகிராம் பீட்டாமெத்தசோன். அதுவும் தோல் அரிப்புக்குத் தடவிய களிம்பு. இதற்காகப் பட்டத்தையே பறித்தது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது போல் இல்லையா?
— ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: அளவு சிறியதுதான். ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு பிகோகிராம். ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் அப்படி 21 இருந்தன. அதனால் அந்தக் குதிரை ஒரு முழம்கூட அதிகம் ஓடியிருக்காது என்று நீங்கள் சொன்னால், நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் அங்கே வழக்கு வேகத்தைப் பற்றியது அல்ல.

பீட்டாமெத்தசோன் வீக்கத்தை அடக்கும். வீக்கம் அடங்கினால் வலியும் அடங்கும். கால் வலித்தால் நீங்களும் நானும் வாய்விட்டுச் சொல்வோம். ஏறக்குறைய 500 கிலோ உடம்பை மெலிந்த நான்கு கால்களில் சுமந்து மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பாயும் பிராணி எப்படிச் சொல்லும்? நொண்டிக் காட்டும். மூட்டில் ஊசி போட்டு அந்த நொண்டலையும் மறைத்துவிட்டால், விரிசல் விட்ட எலும்போடு ஓடும். எலும்பு முறிந்தால் குதிரையோடு ஜாக்கியும் விழுவார். சிகிச்சைக்கு அனுமதிக்கப்பட்ட மருந்தாக இருந்தும், பந்தய நாளில் அது ரத்தத்தில் துளியும் தெரியக் கூடாது என்று கென்டகி விதி வைத்தது இதனால்தான்.

களிம்புக் கதைக்கு வருவோம். மே 9-ம் தேதி பயிற்சியாளர் பாப் பாஃபர்ட், இந்த மருந்தை இந்தக் குதிரைக்குக் கொடுக்கவே இல்லை என்றார். இரண்டே நாளில் களிம்பு ஞாபகம் வந்தது. நாய்களின் காது நோய்க்கென்று விற்கும் களிம்பு அது. அதன் மூலப்பொருட்களில் பீட்டாமெத்தசோனும் ஒன்று. உடம்பில் இருந்தது களிம்பில் உள்ள வகைதான், ஊசி மருந்தின் வகை அல்ல என்று பின்னர் அவர் தரப்பு சோதனை முடிவைக் காட்டியது. இருக்கட்டும், நம்புகிறேன். ஆனால் மருந்து எந்த வழியாக உள்ளே போனது என்று விதி கேட்கவில்லை. நடுவர்களும் அதற்காக மன்னிக்கவில்லை. களிம்பு என்றால் மன்னிப்பு என்று ஒருமுறை எழுதிவிட்டால், அடுத்த சீசனில் லாயத்துக்கு லாயம் ஒரு களிம்பு டியூப் தயாராக இருக்கும்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று உண்டு. அதற்கு எட்டு மாதங்களுக்கு முன், 2020 கென்டகி ஓக்ஸ் பந்தயத்தில் மூன்றாவதாக வந்த கமீன் என்ற குதிரையின் ரத்தத்திலும் இதே மருந்து இருந்தது. பயிற்சியாளரும் இவரேதான். ஒருமுறை சூடு பட்டவர் அடுத்த முறை டியூபின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத் தடவியிருக்கலாம்.

தவறுதலாகக் கலப்பது நடக்காது என்று நான் சொல்லவில்லை. 2018-ல் ஜஸ்டிஃபை என்ற குதிரையிடம், ஊமத்தையிலும் இருக்கும் ஸ்கோபோலமைன் என்ற மருந்துப் பொருள் தென்பட்டபோது, வைக்கோலில் ஊமத்தை கலந்துவிட்டது என்றார்கள். நம் ஊர் வேலியோரத்து ஊமத்தையின் இனம்தான். நடக்கக்கூடியதே. ஆனால் கலிஃபோர்னியா குதிரைப் பந்தய வாரியம் விஷயத்தை மூடிய அறைக்குள் பேசி முடித்தது. குதிரை அந்த ஆண்டு மூன்று பெரும் பந்தயங்களையும் வென்று ட்ரிபிள் கிரவுன் பெற்றது. பொதுமக்களுக்குச் செய்தி தெரிந்தது 2019 செப்டம்பரில், ஒரு பத்திரிகை வழியாக. எனக்கு ஊமத்தையைவிட அந்த மூடிய கதவின் மேல்தான் கோபம்.

தெரிந்தே மருந்து கொடுப்பவர்கள் வேறு ரகம். ஜார்ஜ் நவாரோ, ஜேசன் சர்விஸ் என்ற இரு பயிற்சியாளர்கள் முறையே ஐந்து, நான்கு ஆண்டுகள் சிறைத் தண்டனை பெற்றார்கள். அவர்களைச் சிக்கவைத்தது ரத்தப் பரிசோதனை அல்ல, புலனாய்வாளர்களின் தொலைபேசி ஒட்டுக்கேட்பு. மாநிலத்துக்கொரு விதி என்றிருந்த அமெரிக்காவில் 2020-ல் கூட்டாட்சிச் சட்டம் வந்து, 2023 மே மாதம் மருந்துக் கட்டுப்பாடு ஏறக்குறைய நாடு முழுவதற்கும் ஒரே கைக்குப் போனது இந்த வழக்கெல்லாம் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான்.

மெடினா ஸ்பிரிட் 2021 டிசம்பரில் பயிற்சி ஓட்டத்தின்போது செத்துப்போனது. அதற்கும் இந்த மருந்துக்கும் தொடர்பு இருப்பதாக யாரும் நிறுவவில்லை. நானும் முடிச்சுப் போடமாட்டேன்.

1996-ல் நம் உச்ச நீதிமன்றம், மெட்ராஸ் ரேஸ் கிளப் தொடர்பான வழக்கில், குதிரைப் பந்தயம் சூதாட்டம் அல்ல, திறமை சார்ந்தது என்றது. குதிரையின் வம்சம், பழைய ஓட்டங்கள், ஜாக்கி எல்லாவற்றையும் கணித்துத்தான் ஒருவர் பணம் கட்டுகிறார் என்பது வாதம். ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று அவர் எந்தப் புத்தகத்தைப் பார்த்துக் கணிப்பார்?

2022 பிப்ரவரியில் பட்டம், இரண்டாவதாக வந்திருந்த மாண்டலூன் என்ற குதிரைக்குப் போனது. முதல் பரிசான 18,60,000 டாலரும் அதன் உரிமையாளருக்குத்தான் என்று தீர்ப்பானது. மாண்டலூன்தான் ஜெயிக்கும் என்று டிக்கெட் வாங்கியவருக்கு ஒரு காசும் வரவில்லை. பந்தயம் முடிந்த அன்றே பட்டுவாடா முடிந்துவிட்டது, இனி மாற்ற முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள். அநியாயம் என்று அடுத்த கடிதம் எழுதுவதானால், அவருக்காக எழுதுங்கள்.