கொட்டாவியும் குமட்டலும்: ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

கொருக்குப்பேட்டையில் இருக்கிறேன். வயது 34. தண்டையார்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பு டீச்சர். ஆறேழு மாதமாகத் தூக்கமில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, பிள்ளைகளின் நோட்டைத் திருத்தக்கூட உட்கார முடியவில்லை. கடைசியில் ஓர் அரசு மருத்துவமனைக்குப் போனேன். டிப்ரெஷன் என்றார்கள். எஸ்சிட்டலோப்ராம் முதல் வாரம் 5 மில்லிகிராம், அப்புறம் 10. இரவுக்குக் குளோனசெபாம் என்று ஒரு சின்ன மாத்திரை. ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகப்போகிறது.

மனசு அப்படியேதான் இருக்கிறது. உடம்புதான் கெட்டுப்போனது. காலையில் டீயோடு மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்பினால் ஒரே குமட்டல். வீட்டுக்காரர் காசிமேட்டிலிருந்து மீன் வாங்கி வந்தால் அந்தப் பக்கமே போக முடியவில்லை. ரயில்வே கேட் போட்டு ஷேர் ஆட்டோ நின்றால் வாந்தி எடுத்துவிடுவேனோ என்று பயம். வகுப்பில் கொட்டாவி மேல் கொட்டாவி. என்னைப் பார்த்துப் பிள்ளைகளும் விடுகிறார்கள். படபடப்பு முன்பைவிட அதிகம். நான் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவதைப் பார்த்துவிட்டு மாமியார், “இன்னாம்மா, எதனா விசேஷமா?” என்று சிரிக்கிறார். எங்களுக்கு ஒரே பையன், அடுத்தது எப்போது என்று காத்திருப்பவர். அவருக்கு மாத்திரை விஷயம் தெரியாது. தெரிந்தால் ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்று சொல்லிவிடுவார். கணவருக்கு மட்டும் தெரியும். “ஒத்துக்கலைன்னா விட்டுடு” என்கிறார்.

போன வாரம் எங்கள் தெருவில் ஓர் ஆயா இறந்துவிட்டார். என் பையனைத் தூக்கி வளர்த்தவர். கானா பாடினார்கள், தெருவே அழுதது. எனக்குக் கண் கலங்கக்கூட இல்லை. இந்த மாத்திரை என்னைக் கல்லாக்கிவிடுமா? எழுதக் கூச்சமான இன்னொரு சிரமமும் இருக்கிறது, உங்களுக்கே புரியும். நிறுத்திவிடலாமா?

எஸ்.

(அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அன்புள்ள எஸ்.,

நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தத்தான் வேண்டும் என்று தோன்றினால் மாத்திரை எழுதிய டாக்டரிடம் போய் அதையே சொல்லுங்கள். அதற்கு ஓ.பி. சீட்டில் எழுதியிருக்கும் அடுத்த தேதிவரை காத்திருக்க வேண்டியதில்லை. நான் டாக்டர் இல்லை. இதே வகை மாத்திரையைச் சில காலம் சாப்பிட்டவள், அதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தவள். அந்த அளவில் என் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மாமியாரின் கேள்வி. சிரிப்பாக இருந்தாலும் நியாயமான கேள்விதான். நாள் தள்ளிப்போயிருந்தால் மெடிக்கலில் ஒரு கிட் வாங்கிப் பார்த்துவிடுங்கள். கர்ப்பம் என்று தெரிந்தாலும் பதறி மாத்திரையை நிறுத்தக் கூடாது; உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் எதைத் தொடரலாம், எதை மாற்றலாம் என்று எடைபோட்டுச் சொல்வது அவர்கள் வேலை. இரண்டாவது குழந்தை பற்றிய யோசனை இருந்தால் அதையும் இப்போதே சொல்லிவைப்பது நல்லது.

கர்ப்பம் இல்லையென்றால், குமட்டலுக்குக் காரணம் பெரும்பாலும் மாத்திரைதான். நரம்புகள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருளான செரட்டோனின் என்றாலே மூளை நினைவுக்கு வருகிறது. ஆனால் உடம்பிலுள்ள செரட்டோனினில் சுமார் 90 சதவீதம் இருப்பது குடலில். எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின், ஃப்ளூவாக்சிடின் எல்லாம் நரம்பணு செரட்டோனினைத் திரும்ப இழுத்துக்கொள்வதைத் தடுப்பவை. அந்தத் தடுப்பு முதல் மாத்திரையிலேயே தொடங்கிவிடுகிறது. வயிறும் குடலும் உடனே அதை உணர்கின்றன: குமட்டல், வயிற்றுப்போக்கு, பசியின்மை. மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டு மனநிலை தெளியத்தான் வாரக்கணக்கில் ஆகிறது. மாற்றம் தெரிய ஆரம்பிக்க இரண்டிலிருந்து நான்கு வாரம், ஓரளவு முழுப் பலன் தெரிய ஆறு வாரம்கூட ஆகலாம். ஆக தொல்லை முதலில் வருகிறது, பலன் பின்னால் வருகிறது. நிறையப் பேர் இந்த இடைவெளியில்தான் மாத்திரையைத் தூக்கிப் போடுகிறார்கள். நீங்கள் இப்போது நிற்பதும் அங்கேதான். வயிற்றுத் தொல்லை பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். உங்களுக்கு 5-லிருந்து 10-க்கு ஏற்றியது போன வாரம்தான் என்பதை மறக்காதீர்கள். வயிற்றுக்கு அது இன்னொரு ஆரம்பம்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ‘குமட்டுகிறது என்றால் மருந்து வேலை செய்கிறது’ என்று தேற்றுவார்கள். அப்படி ஒரு கணக்கும் இல்லை. குமட்டாதவர்களுக்கும் குணமாகிறது. தாங்கக்கூடிய தொல்லை என்றால் தாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

காலையில் வெறும் டீயோடு போட்டுக்கொண்டு ஓடுவதை விடுங்கள். இரண்டு இட்லியாவது உள்ளே போன பிறகு போடுங்கள். காலை வேண்டாம், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போடலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். குமட்டலின் உச்சம் தூக்கத்திலேயே கழிந்துவிடும் என்று சிலருக்கு அப்படி மாற்றித் தருவார்கள். சிலருக்கு ராத்திரி போட்டால் தூக்கம் கெடும், அவர்களுக்குக் காலைதான் சரி. டீயையும் குறையுங்கள். ஸ்டாஃப் ரூமில் இடைவேளைக்கு இடைவேளை வரும் டீ இந்தப் படபடப்புக்கு எண்ணெய் ஊற்றுகிறது. மீனை இந்த மாதம் உங்கள் வீட்டுக்காரரே ஆயட்டும். வாங்கத் தெரிந்தவருக்கு ஆயவும் தெரிந்திருக்கும்.

கொட்டாவியைப் படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். தூக்கக் கலக்கமே இல்லாமலும் இந்த மாத்திரைகள் கொட்டாவியைக் கொண்டுவரும். மருந்துச் சீட்டுகளில் அச்சிட்டிருக்கும் பக்கவிளைவுதான். பல்லைக் கடிப்பது, வாய் உலர்வது, ராத்திரி வியர்ப்பது, சினிமா மாதிரி கனவு வருவது எல்லாம் அதே பட்டியல். கூடவே இன்னொன்று: தலை வலித்தால் மெடிக்கலில் ‘எதனா குடுங்க’ என்று கேட்டு வாங்கும் பழக்கம் நம் பக்கத்தில் எல்லோருக்கும் உண்டு. இனி அது வேண்டாம். வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை இதோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். டிராமடால் என்ற வலி மாத்திரை இதோடு சேர்ந்தால் ஆபத்தாகலாம். பல் டாக்டரிடம் போனாலும் நீங்கள் சாப்பிடும் மாத்திரையின் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

இனி அந்தச் சின்ன மாத்திரை. உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் வந்துபோனாலும் நான் அதிகம் கவலைப்படுவது அதைப் பற்றித்தான். பெரிய மாத்திரை வேலை செய்ய ஆரம்பிக்கும்வரை தூக்கத்துக்கும் படபடப்புக்கும் கைகொடுக்கத்தான் குளோனசெபாமைச் சில வாரத்துக்கு எழுதுகிறார்கள். போட்ட ராத்திரியே தூக்கம் வரும். அதனால் நம் ஆட்களுக்கு அதன்மேல் பெரிய மரியாதை. எஸ்சிட்டலோப்ராமோ குமட்டலைத் தவிர ஒன்றும் காட்டுவதில்லை. என்ன நடக்கும் தெரியுமா? பழக்கமாகிவிடும் மாத்திரையைத் தொடர்வார்கள், தொடர வேண்டியதை நிறுத்திவிடுவார்கள். வருஷக்கணக்கில் அந்தத் தூக்க மாத்திரையை மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர்களை எனக்குத் தெரியும். எத்தனை நாளைக்கு, எப்படிக் குறைப்பது என்று அடுத்த முறை நேராகக் கேளுங்கள். அதையும் டக்கென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான்.

எஸ்சிட்டலோப்ராம் அந்த மாதிரி ஏங்க வைக்கும் மருந்து இல்லை. ஆனால் சில வாரம் சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு எல்லாம் வரலாம். ஒருநாள் மறந்துபோனால் மறுநாள் இரண்டாகப் போடவும் கூடாது.

‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்ற பேச்சைப் பற்றி. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794-இல் தொடங்கியது; அதன் பெயரைச் சொல்லிச் சிரிக்கும் பழக்கத்துக்கும் நம் ஊரில் வயதாகிவிட்டது. இன்று அங்கேயும் ஓ.பி.க்கு வந்து மாத்திரை வாங்கிக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறவர்கள் ஏராளம். வடசென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல விரும்பும் கதை வேறு. 1950-களில் காசநோய்க்கு வந்த புது மருந்துகளில் ஐசோனியசிட் ஒன்று, அதன் நெருங்கிய உறவான இப்ரோனியசிட் இன்னொன்று. இரண்டாவதைச் சாப்பிட்ட காசநோயாளிகளின் மனநிலை எதிர்பாராமல் உற்சாகமாவதை 1952 வாக்கில் நியூயார்க்கில் கவனித்தார்கள். உலகின் முதல் மனச்சோர்வு மருந்துகளில் ஒன்று அப்படிக் கிடைத்ததுதான். ஐசோனியசிட்டை வைத்து நம் சென்னையில் வேறொரு வேலை நடந்தது. சேத்துப்பட்டில் 1956-இல் காசநோய் ஆய்வு மையம் தொடங்கி, நோயாளிகளை ஆஸ்பத்திரியில் படுக்க வைக்காமல் அவரவர் வீட்டிலேயே மாத்திரை கொடுத்துக் குணப்படுத்த முடியுமா என்று சோதித்தார்கள். நெரிசலான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகள்தான் அதில் அதிகம். முடியும் என்று 1959-இல் தெரிந்தது, உலகமே அதைப் பின்பற்றியது. அங்கே டாக்டர்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது எது? கொஞ்சம் தேறியதும் மாத்திரையை நிறுத்திவிடுவது.

டி.பி. மாத்திரையை ஆறு மாதம் குமட்டிக் குமட்டிச் சாப்பிட்டு முடித்தவர் ஒருவராவது இல்லாத தெரு நம் பக்கத்தில் குறைவு. என் பெரியம்மாவே சாப்பிட்டார். சிறுநீர் ஆரஞ்சாகப் போகிறது என்று முதல் நாள் அலறியவர், பாதியில் விட்டால் மருந்து கேட்காமல் போய்விடும் என்று நர்ஸ் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார். அவரை யாரும் பலவீனமானவர் என்று சொல்லவில்லை. உங்களுக்கும் நன்றாக ஆன பிறகு குறைந்தது ஆறு மாதம், சில சமயம் அதற்கு மேலும் தொடரச் சொல்வார்கள். நன்றாக இருக்கிறதே என்று அப்போது விட்டால் திரும்ப வர வாய்ப்பு அதிகம்.

ஆயாவுக்கு அழாதது. சாவு வீட்டில் அழாத பெண்ணைத் தெரு எப்படிப் பார்க்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பார்வை உங்களைச் சுட்டிருக்கும். இந்த வகை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பலர் துக்கமும் சந்தோஷமும் பஞ்சு சுற்றிய மாதிரி மங்கிவிட்டதாகச் சொல்வது உண்மை. அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ அது சரியாவதும் உண்டு. ஆனால் மனச்சோர்வும் இதையேதான் செய்யும். மாத்திரைக்கு முன்பே எதிலும் மனம் ஒட்டவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வாரத்தில் எது எதனால் என்று பிரிக்க முடியாது. உறக்கமும் பசியும் திரும்பிய பிறகும் மனசு மரத்தே இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். எழுத்து வராமல் போய்விடுமோ என்று நானும் பயந்தேன். எனக்கு மனச்சோர்வில்தான் எழுத்து நின்றிருந்தது, மாத்திரையில் நிற்கவில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் என்று சொல்ல மாட்டேன்.

எழுதக் கூச்சப்பட்டதை நான் எழுதிவிடுகிறேன். படுக்கையில் ஆசை குறைவது, உச்சம் வராமல் போவது இந்த மாத்திரைகளில் மிகவும் சாதாரணம். ஆண்களுக்கும் உண்டு. குமட்டல் மாதிரி இது தானாகப் போய்விடும் என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது, சிலருக்கு மருந்து உள்ளவரை நீடிக்கும். அளவை மாற்றலாம், இந்தத் தொல்லை குறைந்த வேறு மருந்துக்கு மாறலாம். வழி இருக்கிறது, ஆனால் சொன்னால்தான் கிடைக்கும். ஓ.பி.யில் பத்துப் பேர் முன்னால் சொல்ல முடியாது என்றால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டாக்டர் முன் வையுங்கள். உங்கள் கணவருக்கும் இது மாத்திரையால் என்று தெரிய வேண்டும். இல்லையென்றால் அவர் வேறு ஏதாவது நினைத்துக்கொள்வார்.

சில விஷயங்களில் மட்டும் பொறுமை கூடவே கூடாது. செத்துப்போகலாம் என்ற எண்ணம் புதிதாக வந்தாலோ அதிகமானாலோ, ஓரிடத்தில் உட்கார முடியாத அளவுக்குப் பரபரப்பு ஆட்டினாலோ, இரண்டு மணி நேரம் தூங்கியும் களைப்பே இல்லாமல் பேச்சும் வேகமும் தலைகால் தெரியாமல் ஏறினாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். கடும் காய்ச்சல், நடுக்கம், உடம்பு விறைப்பு, குழப்பம் சேர்ந்து வந்தால் 108-ஐ அழையுங்கள். 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு முதல் சில வாரங்களில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கை இந்த மருந்துகளுக்கு உண்டு. இதைப் படிக்கும் கல்லூரிப் பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் மனதில் வையுங்கள். நடுராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸ் எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

மாமியாரிடம் இப்போதே சொல்லியாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. வயிற்றுக்கு மருந்து சாப்பிடுகிறேன் என்று சொன்னால் அதில் பாதி பொய்கூட இல்லை. ஆனால் கணவரை அடுத்த முறை கையோடு கூட்டிப்போங்கள். ‘விட்டுடு’ என்று சொல்கிறவர் டாக்டர் வாயால் ஒருமுறை கேட்கட்டும். பள்ளியில் அரைநாள் சொன்னால் போதாது, ஓ.பி. வரிசை உங்களுக்கே தெரியும். முழு நாள் லீவு போட்டுவிடுங்கள். மாத்திரை அட்டை, சீட்டு, வேறு எதற்காவது சாப்பிடும் மாத்திரை இருந்தால் அதுவும் பையில் இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா