ஜெட்டில் கம்பி விடாதீர்கள்: அவுட்போர்டு மோட்டார் கேள்வி பதில்

படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரின் கார்புரேட்டர், டேங்க், ஹோஸ், பெட்ரோல் பம்ப் பற்றிக் கேளுங்கள். கியர், புரொப்பல்லர் எல்லாம் என் துறை இல்லை.

கே: சில மாதம் சும்மா கிடந்த டூ ஸ்ட்ரோக் மோட்டார். சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகிறது, சோக்கை எடுத்ததும் ஐடிலில் நின்றுவிடுகிறது. வேகமாக ஓட்டினால் பிரச்சினை இல்லை.

ப: பைலட் ஜெட், அதாவது ஐடிலுக்குப் பெட்ரோல் அளந்து விடும் துளையுள்ள சின்னப் பித்தளைத் துண்டு, அடைத்திருக்கிறது. மெதுவாக ஓடும்போது பெட்ரோல் அந்தச் சின்னத் துளை வழியாகத்தான் வந்தாக வேண்டும். பவுலில் (கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் நிற்கும் கிண்ணம்) தேங்கிய பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் அரக்கு மாதிரி படியும்போது முதலில் மூடுவது அதுதான். வேகத்துக்குப் பெட்ரோல் விடும் மெயின் ஜெட்டின் துளை பெரிது, அதனால் தப்பித்துக்கொள்கிறது.

கழற்றும் முன், ஐடில் கலவைத் திருகை மெதுவாக உள்ளே முட்டும்வரை திருகி, எத்தனை சுற்று என்று எழுதி வையுங்கள். பிறகு ஜெட்டைக் கழற்றி, கார்புரேட்டர் கிளீனரில் ஊறப்போட்டு, காற்று அடியுங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். ஓரம் ஒரு பக்கம் மழுங்கலாகத் தெரிந்தால் இன்னும் ஊற வேண்டும்.

கம்பியோ ஊசியோ விடாதீர்கள். ஜெட் பித்தளை, துளை கொஞ்சம் அகன்றாலும் அளவு போய்விடும். குத்தித்தான் ஆக வேண்டுமென்றால் மெல்லிய தூண்டில் நரம்பு விடுங்கள்.

கே: புறப்பட்டுக் கொஞ்ச தூரம் நன்றாகப் போகிறது, அப்புறம் இழுவை குறைந்து அணைகிறது. கார்புரேட்டரை இரண்டு முறை பிரித்துக் கழுவிவிட்டேன்.

ப: மூன்றாவது முறை பிரிக்காதீர்கள். என்னிடம் கார்புரேட்டர் கோளாறு என்று வருபவற்றில் பாதிக்கு மேல் கார்புரேட்டருக்கு முன்னாலேயே இருக்கிறது.

இழுவை குறையும் நேரத்தில் பிரைமர் பல்பை (ஹோஸின் நடுவில் கையால் அமுக்கும் ரப்பர் உருண்டை) பாருங்கள். சப்பிப் போயிருந்தால் அதற்கு முன்னால் எங்கோ அடைப்பு: டேங்க் மூடியின் காற்றுத் திருகைத் திறக்க மறந்திருப்பீர்கள், அல்லது டேங்க்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயின் வலையில் அழுக்கு. பல்ப் சப்பாமல், நீங்கள் அமுக்கியதும் இஞ்சின் உயிர் பெற்றால், பம்பின் டயாஃப்ரம் (உள்ளே அசையும் சவ்வு) தளர்ந்திருக்கும், இல்லையென்றால் ஹோஸில் காற்று நுழைகிறது.

காற்று நுழைவதைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். டேங்க்கிலிருந்து பம்ப் வரை பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது. அங்கே பிளவு இருந்தால் பெட்ரோல் சொட்டாமல் காற்று உள்ளே போகும், வெளியே ஈரமே தெரியாது. பெரும்பாலும் குற்றவாளி ஹோஸ் கனெக்டருக்குள் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். நகத்தால் நெம்பி எடுத்து விரலில் வளைத்துப் பாருங்கள், மயிரிழை வெடிப்பு தெரியும். அதிலும் சந்தேகம் தீராவிட்டால் நன்றாக வேலை செய்யும் வேறொரு டேங்க்கையும் ஹோஸையும் மாட்டி ஓட்டுங்கள்.

கே: ஐடிலில் நிற்கிறது, வேகத்தில் ஓடுகிறது. என்ன செய்ய?

ப: முதல் பதில்.

கே: புரொப்பல்லர் பிட்ச் எவ்வளவு வைக்கலாம்?

ப: சொன்னேனே, வேறு ஆளைக் கேளுங்கள்.

கே: ஆயில் எவ்வளவு கலக்க வேண்டும்?

ப: மோட்டாரின் கையேடு சொல்வதுதான் அளவு. 50:1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி, 100:1 என்றால் 10. டிசி-டபிள்யூ3 (TC-W3) என்று போட்ட ஆயில் வாங்குங்கள். மோட்டார் பைக் ஆயில் வேண்டாம்.

கே: வேலை முடிந்ததும் ஹோஸைக் கழற்றிவிட்டு, இஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விடுகிறேன். போதுமா?

ப: நல்ல பழக்கம், ஆனால் போதாது. பவுலின் அடியில் ஜெட் எட்டாத ஆழத்தில் கொஞ்சம் பெட்ரோல் மிஞ்சும். பவுலின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்து அதையும் ஒரு கிண்ணத்தில் பிடித்துவிடுங்கள். இஞ்சினைத் தண்ணீரில்லாமல் மட்டும் ஓட்டாதீர்கள், குளிர்விக்கும் தண்ணீரை இறைக்கும் இம்பெல்லரின் ரப்பர் சீக்கிரமே கருகிவிடும்.

கே: இது தப்பான ஆலோசனை. டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடுதான் வருகிறது. காய ஓட்டினால் பிஸ்டன் என்ன ஆகும்?

ப: நியாயமான கேள்வி. ஐடிலில், பளு இல்லாமல், சில வினாடிகள் ஓடுவதை ஏற்கெனவே உள்ளே பூசியிருக்கும் ஆயில் தாங்கும். நீங்கள் பயப்பட வேண்டியது வேறு இடத்தில். மூன்று கார்புரேட்டர் உள்ள மோட்டாரில் ஒன்றின் மெயின் ஜெட் பாதி அடைத்திருந்தால், அந்த சிலிண்டருக்குப் பெட்ரோலும் குறைவு, அதோடு வரும் ஆயிலும் குறைவு. முழு வேகத்தில் பிஸ்டன் பிடிப்பது அங்கேதான். ஒன்றைக் கழுவினால் மூன்றையும் கழுவுங்கள் என்று நான் தொல்லை செய்வது அதனால்தான்.

கே: காலியாக வைத்தால் கேஸ்கட் காய்ந்துவிடும். பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றி நிரப்பியே வைப்பதுதான் சரி.

ப: ஸ்டெபிலைசரை நான் எதிர்க்கவில்லை. புதுப் பெட்ரோலில் ஊற்றி, கார்புரேட்டர் வரை போகும்படி ஓட்டினால் நல்லதே. கெட்டுப்போன பெட்ரோலில் ஊற்றிப் பயனில்லை. ஆனால் பவுலுக்கு காற்றோட்டம் உண்டு, உள்ளே இருப்பது எப்படியும் ஆவியாகும். கேஸ்கட் காய்ந்தால் மாற்றுவது சுலபம். கார்புரேட்டர் உடலுக்குள் ஓடும் துளைகள் அடைத்தால் அப்படியில்லை.

கே: என் மோட்டாரை எப்போதும் நிரப்பித்தான் வைக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை.

ப: சரி, வைத்துக்கொள்ளுங்கள். நான் வடிப்பேன். அடுத்தது.

கே: எத்தனால் கலந்த பெட்ரோல் ஆகுமா?

ப: பெரும்பாலான தயாரிப்பாளர்கள் 10 சதவீதம் வரை அனுமதிக்கிறார்கள். எத்தனால் தண்ணீரை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்க்கின் அடியில் இறங்கும், உறிஞ்சு குழாய் இருப்பதும் அங்கேதான். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் போடுங்கள். பிரிந்த பெட்ரோலைக் குலுக்கிக் காப்பாற்ற முயலாமல் வெளியே எடுத்துவிடுங்கள்.

கே: சோக் போட்டால் ஓடுகிறது, எடுத்தால் நிற்கிறது...

ப: முதல் பதில். முழுவதும் படியுங்கள்.

கே: ஃப்யூயல் இன்ஜெக்ஷன் மோட்டாரில் இதெல்லாம்?

ப: ஃபில்டர், ஹோஸ், டேங்க் விஷயம் அப்படியே பொருந்தும். மற்றதற்கு இன்ஜெக்ஷன் தெரிந்தவரிடம் போங்கள்.

கே: முதல் கேள்வி கேட்டவன் நான்தான். பதில் வருவதற்குள் பைலட் ஜெட்டில் கம்பி விட்டுவிட்டேன். இப்போது ஐடிலில் புகை, பிளக் ஈரமாக இருக்கிறது.

ப: துளை அகன்றுவிட்டது. ஜெட்டின் தலையில் எண் பொறித்திருக்கும், அதே எண்ணில் புதிது போட்டு, கலவைத் திருகை முன்பிருந்த சுற்றுக்கே திருப்புங்கள். பழைய ஜெட்டைத் தூக்கி எறியுங்கள். டப்பாவில் போட்டு வைத்தால் ஒருநாள் அதையே எடுத்து மாட்டுவீர்கள்.