மரபணுச் சோதனையில் ‘நீக்கம் இல்லை’ (எந்தத் துண்டும் விடுபடவில்லை) என்று ரிப்போர்ட் வந்தால் டூஷென் என்ற தசைச் சிதைவு நோய் இல்லை என்று ஆகிவிடுமா?

ஆகாது. உங்கள் அக்கா பையனுக்குச் செய்திருப்பது மல்டிபிளெக்ஸ் பிசிஆர். இந்த நோய்க்குக் காரணமான டிஎம்டி மரபணுவில் 79 எக்ஸான்கள், அதாவது புரதத்துக்கான குறிப்பு உள்ள துண்டுகள். அந்தப் பழைய சோதனை சுமார் இருபதைத்தான் பார்க்கும். நீக்கம் அதிகம் விழும் இரண்டு இடங்கள் அவை: 45 முதல் 55 வரை, அப்புறம் தொடக்கத்தில் 2 முதல் 10 வரை.

ஆனால் சுமார் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்குக் கோளாறு நீக்கமே இல்லை. ஒரு துண்டு இரட்டித்திருக்கும், அல்லது ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும். இது பிசிஆரில் தப்பிவிடும். தொடையில் கை ஊன்றி எழுகிறான், கெண்டைக்கால் தடித்திருக்கிறது, சிகே (தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் நொதி) 14,000 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகு ‘இல்லை’ என்ற ஒற்றை வரியை நம்ப எனக்கு மனம் வரவில்லை.

ரிப்போர்ட்டில் ‘எம்எல்பிஏ’ என்று எங்காவது இருக்கிறதா பாருங்கள். எல்லா எக்ஸான்களிலும் நீக்கத்தையும் இரட்டிப்பையும் பார்க்கும் சோதனை அது. இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள். அதிலும் ஒன்றும் இல்லையென்றால் மரபணு வரிசையாக்கம், அதாவது மரபணுவை எழுத்து எழுத்தாகப் படிப்பது. ஜிப்மர் நரம்பியல் ஓபிக்குப் போகும்போது பழைய தாள்களையும் கையோடு கொண்டுபோங்கள், கடலூரிலிருந்து இன்னொரு நடை மிச்சம்.

ஒன்று மட்டும்: எம்எல்பிஏ ஒரே ஓர் எக்ஸானை மட்டும் ‘இல்லை’ என்று காட்டினால், வேறு முறையில் உறுதிசெய்யச் சொல்லுங்கள். ப்ரோப் (எக்ஸானைத் தேடிப் பிடிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) ஒட்டும் இடத்தில் சின்ன மாற்றம் இருந்தாலும் அப்படித்தான் காட்டும்.